எழுதாமல் விட்ட ஒரு ஃபாரம்: பெட்டிக்குள் 3,57,144 டாலர்

எட்டாயிரமும் ஏழாயிரமும் கூட்டினால் பதினைந்தாயிரம். இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சின்னக் கூட்டல்தான்.

1994 ஜூன் 9. லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையம். கணவன், மனைவி, இரண்டு மகள்கள் என ஒரு குடும்பம் இத்தாலி விமானத்துக்குக் காத்திருக்கிறது. அங்கிருந்து சைப்ரஸ் போய்ச் சேர வேண்டும். பெட்டிகளை ஏற்கெனவே செக்-இன் செய்தாகிவிட்டது. அவற்றைச் சுங்கத்துறையின் மோப்ப நாய்கள் முகர்ந்து பார்க்கின்றன. போதைப்பொருளுக்குப் பழக்கிய நாய்களைப் பற்றி நமக்குத் தெரியும். இவை பணத்துக்குப் பழக்கியவை. டாலர் தாளுக்கென்று ஒரு வாடை உண்டு, கட்டுக்கட்டாகச் சேர்ந்துவிட்டால் அந்த மூக்குக்குத் தப்பாது. பெட்டிகளைத் திறந்தார்கள். சுமார் 2,30,000 டாலர் ரொக்கம்.

அதற்குப் பிறகு சுங்க அதிகாரி ஒருவர் கணவன் மனைவியிடம் வருகிறார். கையிலோ பெட்டியிலோ பத்தாயிரம் டாலருக்கு மேல் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று விதியைச் சொல்கிறார். தன்னிடம் 8,000, மனைவியிடம் 7,000, அதற்கு மேல் எதுவும் இல்லை என்கிறார் கணவர்.

அந்தப் பதிலிலேயே கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. சரி, ஆளுக்கு ஆள் தனித்தனி என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் கைப்பைகளையும் பர்ஸையும் சோதித்தபோது இன்னும் பணம் வந்துகொண்டே இருந்தது. எல்லாம் சேர்த்து எண்ணினால் 3,57,144 டாலர். அத்தனையும் நூறு டாலர் தாளாக இருந்திருந்தால்கூட, தாளுக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் மூன்றரை கிலோவுக்கு மேல் வரும். சில்லறைத் தாள்கள் கலந்திருந்தால் இன்னும் கனம். 'மறந்துபோய் எடுத்து வந்துவிட்டேன்' என்று சொல்லக்கூடிய சமாச்சாரமில்லை. பணத்தைக் கைப்பற்றினார்கள், ஆளைக் கைது செய்தார்கள்.

'அமெரிக்க அரசு எதிர் பஜகஜியான்' என்று அந்தக் கணவரின் பெயரால் சட்டப் புத்தகங்களில் ஏறிய வழக்கு இது. 1998 ஜூன் 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. விமான நிலையத்தில் பறிபோன பணத்தை மீட்க வாதாடும் அமெரிக்க வக்கீல்கள் இன்றும் இதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். அதில் ஜெயிப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

குற்றம் எது?

'அமெரிக்காவுக்குள்ளே பத்தாயிரம் டாலருக்கு மேல கொண்டுபோகக் கூடாதாமே' என்று நம் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு தடை கிடையாது. பத்து லட்சம் டாலரைக்கூட உள்ளே கொண்டுவரலாம், வெளியே கொண்டுபோகலாம். வரி கிடையாது, கட்டணம் கிடையாது. 10,000 டாலருக்கு மேல் இருந்தால் ஒரு ஃபாரம் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். யாருடைய பணம், யாருக்குப் போகிறது, எவ்வளவு என்பதை அதில் எழுத வேண்டும். 1994-இல் அதன் பெயர் சுங்கப் படிவம் 4790. இப்போது ஃபின்சென் படிவம் 105.

இதற்கு வேர் 1970-இல் வந்த வங்கி ரகசியச் சட்டத்தில் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் ரகசியத்தைக் காக்கிற சட்டம் போலத் தோன்றும். வேலையெல்லாம் ரகசியத்தை உடைப்பது. முதலில் வரம்பு 5,000 டாலராக இருந்தது, 1984-இல் பத்தாயிரம் ஆக்கினார்கள். அதற்கப்புறம் அந்த எண் நகரவே இல்லை. விலைவாசி அதற்குள் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. ஆக, சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறாமலேயே வலையின் கண் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டு வருகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சென்னையில் வெளிநாடு கிளம்பினால் குடியேற்றம், சுங்கம் என்று ஒவ்வொரு கவுன்டராகத் தாண்டித்தான் விமானத்துக்குப் போகிறோம். அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது அப்படி இல்லை. போர்டிங் பாஸ், பாதுகாப்புச் சோதனை, அப்புறம் நேரே கேட். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தக்கூட யாரும் கிடையாது. 'பணம் வைத்திருக்கிறீர்களா' என்று எல்லோரையும் நிறுத்திக் கேட்கிற இடமே இல்லை. ஆனாலும் சொல்லவேண்டிய கடமை பயணியுடையது. யாரும் கேட்கவில்லை என்பது பதிலாகாது. பஜகஜியானை ஒருவர் வந்து கேட்கவும் கேட்டார். அவர் சொன்னது பொய்.

குற்றப்பத்திரிகையில் மூன்று பிரிவுகள். தெரிந்தே தெரிவிக்காமல் விட்டது ஒன்று. அதிகாரியிடம் பொய் சொன்னது இரண்டு. மூன்றாவது அந்தப் பணம் மொத்தத்தையும் அரசு எடுத்துக்கொள்ளக் கோருவது. முதல் குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார், அரசு இரண்டாவதைக் கைவிட்டது. மூன்றாவதை மட்டும் ஜூரி இல்லாமல் நீதிபதியே விசாரித்தார்.

விசாரணையில் கதை திரும்பியது. அந்தப் பணத்துக்கு வேறு எந்தக் குற்றத்தோடும் தொடர்பு இல்லை என்று நீதிபதி முடிவு செய்தார். போதைப்பொருள் இல்லை, கறுப்புப் பணம் இல்லை, வரி ஏய்ப்பு இல்லை. சட்டப்படி வாங்கிய ஒரு கடனைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப்போன பணம். பின் ஏன் மறைத்தார்? அவர் சிரியாவில் அர்மீனியச் சிறுபான்மையினராக வளர்ந்தவர். அரசு என்றாலே நம்பிக்கை வராத மனசு. அந்தப் பயத்தில்தான் சொல்லாமல் விட்டார் என்பது நீதிபதி எடுத்த முடிவு. கலாச்சார வேறுபாடு என்று அதைக் குறிப்பிட்டார்.

ஆனால் சட்டத்தின் வாசகம் நீதிபதியின் கையைக் கட்டியிருந்தது. குற்றத்தில் சம்பந்தப்பட்ட சொத்து முழுவதையும் பறிமுதல் செய்தாக வேண்டும் என்கிறது. சம்பந்தப்பட்ட சொத்து எது? தெரிவிக்காத பணம் முழுவதும். 3,57,144 டாலரும் போக வேண்டும். இது மிகக் கொடுமை, செய்த தப்புக்குத் துளியும் பொருந்தாது, அரசியல் சட்டத்தின் எட்டாவது திருத்தம் தடுக்கும் மிகையான அபராதம் என்று நீதிபதி மறுத்துவிட்டார். மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, தண்டனை வழிகாட்டி அனுமதிக்கிற உச்ச அபராதமான 5,000 டாலர் என்று விதித்தார். அந்த ஐயாயிரம் போதாது என்று அவருக்கே பட்டது. அதை ஈடுகட்ட 15,000 டாலரை மட்டும் பறிமுதல் செய்தார்.

பஜகஜியான் விமான நிலையத்தில் வாயால் ஒப்புக்கொண்ட தொகையும் பதினைந்தாயிரம், நீதிபதி பறித்ததும் பதினைந்தாயிரம். தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். எனக்கென்னவோ கண்ணில் உறுத்துகிறது.

அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு படி மேலே போய், பணம் இந்தக் குற்றத்தின் கருவியே இல்லை, அதனால் ஒரு டாலரைக்கூடப் பறிக்க முடியாது என்றது. ஆனால் அந்தப் பதினைந்தாயிரத்தை எதிர்த்து பஜகஜியான் தன் பக்கமிருந்து முறையீடு செய்யவில்லை. ஆகவே அதைத் தொட எங்களுக்கு அதிகாரமில்லை என்று விட்டுவிட்டார்கள். முழுப் பணமும் வேண்டும் என்று அரசு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது.

பொருளா, ஆளா

தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். வலதுசாரி நீதிபதிகளிலேயே அசையாத வலதுசாரி என்று பெயரெடுத்தவர். அவரோடு சேர்ந்தவர்கள் ஸ்டீவன்ஸ், சூட்டர், கின்ஸ்பர்க், பிரேயர். இந்த ஐவரும் ஒரு பக்கம் நிற்பது அபூர்வம். தாமஸ் பழைய வரலாற்றைத் தோண்டுவதில் ஆர்வமுள்ளவர், அந்த ஆர்வம்தான் அவரை இந்தப் பக்கம் இழுத்து வந்தது என்று நினைக்கிறேன்.

அரசின் வாதம் வரலாற்றில்தான் நின்றது. 1789-இல் கூடிய முதல் அமெரிக்கக் காங்கிரஸே, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றமே, சுங்கச் சட்டம் போட்டது. சரக்கைக் காட்டாமல் இறக்கினால் சரக்கும் போகும், சில சமயம் கப்பலும் போகும். அன்றைக்கே முழுப் பறிமுதல் இருந்ததே, இன்றைக்கு மட்டும் எப்படி அதிகமாகும்?

தாமஸ் ஒரு பழைய வேறுபாட்டை வைத்து இதற்குப் பதில் சொன்னார். அந்தக் காலக் கப்பல் வழக்குகள் பொருளின் மேல் நடந்தவை. சட்டத்தின் கற்பனையில் கப்பலே குற்றவாளி. சொந்தக்காரர் தப்பு செய்தாரா இல்லையா என்பதுகூட அங்கே கேள்வியில்லை. இது இன்னும் ஒழிந்துவிடவில்லை. '1,24,700 டாலர் ரொக்கம்' என்று பணத்தையே பிரதிவாதியாக நிறுத்தி அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2006-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்ளப் பணத்துக்கு வசதி உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம், அந்தப் பணம்தான் பூட்டிக் கிடக்கிறதே!

பஜகஜியான் வழக்கு அந்த ரகமில்லை. ஆள்மேல் குற்றம் சாட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு, அவருக்குத் தண்டனையாகப் பணத்தைப் பறிக்கிறார்கள். தண்டனை என்றால் அது அபராதம். அபராதம் என்றால் எட்டாவது திருத்தம் பொருந்தும். சின்னத் தப்புக்குத் தப்பின் அளவுக்கே தண்டம் என்று 1215-இன் மாக்னா கார்ட்டா சொன்னது, 1689-இன் ஆங்கிலேய உரிமைச் சட்டம் வழியாக அமெரிக்க அரசியல் சட்டத்துக்குள் வந்தது என்று வம்சாவளி காட்டினார்.

அரசு இன்னொரு வாசலையும் தட்டிப் பார்த்தது: பணம் குற்றத்தின் கருவி, கருவியைப் பறிப்பதற்கு அளவு கிடையாது. இதற்குத் தாமஸ் சொன்ன பதிலை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். வரி கட்டாத சரக்கைக் காரில் ஒளித்துக் கடத்தினால் அந்தக் கார் குற்றத்துக்கு உதவுகிறது. ஆனால் 'சொல்லாமல் விடுவது' என்ற குற்றத்துக்குப் பெட்டியில் கிடக்கும் பணம் என்ன உதவி செய்தது? அது சும்மா கிடந்தது. குற்றம் அதைப் பற்றியது, அவ்வளவே.

அப்புறம் அளவுகோல். தண்டம் குற்றத்தின் கனத்துக்கு 'வெகுவாகப் பொருந்தாமல்' இருந்தால் செல்லாது. தராசில் வைத்துக் கிராம் கணக்காக நிறுக்கத் தேவையில்லை. இந்தச் சட்டம் யாரைப் பிடிக்க வந்ததோ அந்தப் பணச் சலவைக்காரரோ போதைக் கடத்தல்காரரோ வரி ஏய்ப்பவரோ அல்ல இவர். வழிகாட்டிப்படி இவருக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, ஐயாயிரம் அபராதம். அரசுக்கு என்ன நஷ்டம்? இவர் பிடிபடாமல் போயிருந்தால் 3,57,144 டாலர் நாட்டை விட்டுப் போனது என்ற ஒரு தகவல் அரசுக்குக் கிடைக்காமல் போயிருக்கும். கஜானாவிலிருந்து ஒரு பைசா குறைந்திருக்காது.

பறிமுதல் தொகை அந்த ஐயாயிரத்தைவிடப் பல பத்தடுக்குகள் (ஒரு பத்தடுக்கு என்றால் பத்து மடங்கு) பெரியது என்று தாமஸ் எழுதியிருக்கிறார். கணக்கு வாத்தியார் ஒப்பமாட்டார், அது வெறும் 71 மடங்குதான். ஆனால் 71 மடங்கும் குறைச்சலில்லை.

அப்படியாக, அமெரிக்க உச்ச நீதிமன்ற வரலாற்றிலேயே முதல்முறையாக, ஒரு பறிமுதல் மிகையான அபராதம் என்று அடிபட்டது. பதினைந்தாயிரமும் ஐயாயிரமும் போக மீதிப் பணத்தின் மேல் அரசுக்கு உரிமை இல்லாமல் போயிற்று.

கென்னடியின் கோபம்

மறுப்புத் தீர்ப்பு எழுதியவர் ஆன்டனி கென்னடி. ரென்க்விஸ்ட், ஓ'கானர், ஸ்காலியா மூவரும் அவர் பக்கம். இதைப் படிக்காமல் வழக்கைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் தாமஸ் மெல்லத் தாண்டிப் போன விவரங்கள் இங்கேதான் இருக்கின்றன. பணத்தில் பெரும்பகுதி பொய் அடித்தளம் வைத்த பெட்டிக்குள் ஒளிந்திருந்தது. அதாவது, பெட்டியின் அடிப்பலகையைத் தூக்கினால் அதன் கீழே இன்னோர் அறை. மறதி ஆசாமி யாரும் அப்படிப் பெட்டி தயார் செய்துகொண்டு வருவதில்லை. அதிகாரியிடம் மட்டுமில்லை, பிடிபட்ட பிறகும் பணம் வந்த வழியைப் பற்றி அவர் உண்மை சொல்லவில்லை.

சென்னை விமான நிலையப் பேச்சில் 'குருவி' என்று ஒரு சொல் உண்டு. கூலிக்குச் சரக்கும் பணமும் தங்கமும் சுமந்து சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் பறந்து வருகிறவர்கள். கென்னடியின் கவலையைத் தமிழில் சொன்னால் இதுதான்: பெட்டிக்கு அடியறை வைத்து, ரொக்கத்தை நிரப்பி, கேட்டால் இல்லை என்று சொல்பவரைப் பார்த்துக் குருவி என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பது? அவர் குருவியா, கடன் அடைக்கப் போகிறவரா என்று ஒவ்வொருவராக நிரூபிப்பது அரசால் ஆகாத காரியம். அதனால்தான் காங்கிரஸ் எல்லோருக்கும் பொதுவாக ஒரே தண்டனையை வைத்தது. உண்மையான குருவி வந்து நான் குருவி என்று ஒப்புக்கொள்ளவா போகிறது?

அடுத்து அந்தக் கலாச்சார வேறுபாடு. இதில் கென்னடி பொறிந்து தள்ளிவிட்டார். குடியேறியவர்களுக்குச் சலுகை காட்டுவது போன்ற இந்தச் சாக்கு, சட்டத்தை மதித்து நடக்கும் லட்சக்கணக்கான குடியேறிகளைச் சிறுமைப்படுத்துகிறது; மற்றவர்கள் அளவுக்கு உண்மை பேச இவர்களால் ஆகாது என்று சொல்வது போல் இருக்கிறது என்றார்.

இந்த இடத்தில் என்னால் சுலபமாக ஒரு பக்கம் சேர முடியவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் அமெரிக்க விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். மகள் வீட்டுக்கு, பேரனைப் பார்க்கப் போகிறார். அப்போதெல்லாம் இறங்குவதற்கு முன் நீலமும் வெள்ளையுமாகச் சுங்க ஃபாரம் தருவார்கள். 'தம்பி, இதைக் கொஞ்சம் எழுதித் தர்றீங்களா' என்று நீட்டினார். பழம், விதை, இறைச்சி எல்லாம் முடிந்து பதின்மூன்றாவது கேள்விக்கு வந்தோம். 'ஐயா, பத்தாயிரம் டாலருக்கு மேல கையில இருக்குங்களா?'

அவர் கை தானாகச் சட்டையின் உள்பைக்குப் போனது. குனிந்து, குரலைத் தாழ்த்தி, 'எதுக்குத் தம்பி கேக்குறாங்க?' என்றார்.

'சும்மா விவரத்துக்குத்தாங்க.'

'இல்லைன்னே போடுங்க.' கொஞ்சம் பொறுத்து, 'ஆயிரத்து எட்டு நூறு இருக்கு. சொன்னா எடுத்துக்குவாங்களா?'

ஆயிரத்து எட்டு நூறு டாலருக்கு அந்தப் பதற்றம். வாழ்நாள் முழுவதும் எந்த ஆபீஸ் கவுன்டரில் எதை உண்மையாகச் சொன்னாலும் அதற்கு ஒரு செலவு வைக்கும் என்று பழகிப்போன பதற்றம். பஜகஜியான் வழக்கின் நீதிபதி பார்த்தது இதைத்தான் என்று நம்புகிறேன். அதே சமயம் அந்தப் பெரியவரிடம் அடியறை வைத்த பெட்டி இல்லை, அதையும் மறக்க முடியவில்லை. கென்னடியின் அந்த வரியில் நியாயம் இருக்கிறது; அதற்கு மூன்றரை லட்சம் டாலர் விலை வைத்ததில்தான் எனக்கு உடன்பாடில்லை. பொய்க்குத் தண்டனை தர அவர்களிடம் இரண்டாவது குற்றச்சாட்டு கையிலேயே இருந்தது. அதைக் கைவிட்டது அரசுதான்.

ஜெயித்த வழக்கு என்ன ஆனது?

மூன்று வருஷம் கழித்து, செப்டம்பர் 11 தாக்குதல் முடிந்து ஏழு வாரத்துக்குள், 2001 அக்டோபர் 26 அன்று பேட்ரியாட் சட்டம் வந்தது. அதன் 371-ஆவது பிரிவு ஒரு புதிய குற்றத்தை உண்டாக்கியது: மொத்த ரொக்கக் கடத்தல். ஃபாரம் எழுதுவதைத் தவிர்க்கும் எண்ணத்தோடு 10,000 டாலருக்கு மேல் உடம்பிலோ பெட்டியிலோ வண்டியிலோ ஒளித்து எல்லை தாண்டினாலோ தாண்ட முயன்றாலோ ஐந்து வருஷம் வரை சிறை, பணமும் பறிமுதல்.

எப்படி மாற்றியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். தாமஸின் தீர்ப்பு நின்றதே 'சொல்லாமல் விட்டது' என்ற வினையின் மேல்தான். அதில் பணம் சும்மா கிடந்தது. காங்கிரஸ் வினையையே மாற்றிவிட்டது. இப்போது குற்றம் ஒளித்து எடுத்துப்போவது. அப்படியானால் பணம் கடத்தல் சரக்கு. சரக்கைப் பறிப்பது 1789-இலிருந்து இருக்கும் வழக்கம்தானே? ரொக்கத்தை ஒளித்துக் கடத்துவது பொருளைக் கடத்துவதற்குச் சமம் என்று சட்டத்தின் முகப்பிலேயே எழுதியும் வைத்தார்கள். தாமஸ் விட்ட ஓட்டையைப் பார்த்து அளவெடுத்துத் தைத்த ஒட்டு. 2007-இல் இந்தப் புதுச் சட்டத்தின்கீழ் ஒரு லட்சம் டாலருக்கு மேல் பறிபோன ஒருவர் பஜகஜியானைக் காட்டி வாதாடியபோது, குற்றமே வேறு என்று சொல்லி முதலாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் முழுப் பறிமுதலையும் ஏற்றது.

அடியறைப் பெட்டியோடு அதே பஜகஜியான் இன்று அதே விமான நிலையத்தில் நின்றால், அவரை ஐந்து நீதிபதிகள் காப்பாற்றிய வாதம் அவருக்குக் கைகொடுக்குமா என்பது சந்தேகம்தான். அந்தத் தீர்ப்பின் பலன் வேறு இடங்களில்தான் தெரிகிறது. 2019-இல் டிம்ப்ஸ் எதிர் இண்டியானா வழக்கில், உச்ச அபராதமே பத்தாயிரம் டாலர் உள்ள ஒரு போதைப்பொருள் குற்றத்துக்கு, தந்தையின் காப்பீட்டுத் தொகையில் சுமார் 42,000 டாலருக்கு வாங்கிய லேண்ட் ரோவரைப் பறித்த மாநிலத்திடம், எட்டாவது திருத்தம் மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் கின்ஸ்பர்க்.

ஆளுக்கு ஒன்பதாயிரம்

நம் குடும்பங்களுக்கு இந்த வழக்கில் உதவுகிற பாடம் அந்த முதல் கூட்டலில்தான் இருக்கிறது. நான் சொன்ன சுங்க ஃபாரத்தில் பதின்மூன்றாவது கேள்வி 'நான்' என்று தொடங்கி, பக்கத்திலேயே அடைப்புக்குள் 'நாங்கள்' என்றும் போட்டிருக்கும். அந்த 'நாங்கள்' அங்கே அழகுக்கு இல்லை. சேர்ந்து பயணம் செய்யும் குடும்பத்துக்கு மொத்தக் கணக்கு. அப்பா கையில் ஆறாயிரம், அம்மா பையில் ஐயாயிரம் என்றால் ஃபாரம் எழுத வேண்டும்.

'ஆளுக்கு ஒன்பதாயிரமாப் பிரிச்சுக் கொடுத்துடுங்க, ஒண்ணும் ஆகாது' என்று யோசனை சொல்லும் மாமா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஃபாரத்தைத் தவிர்ப்பதற்காகவே தொகையைப் பிரிப்பது தனிக் குற்றம். முழுத் தொகையையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு ஃபாரம் எழுதுகிறவருக்கு ஒன்றும் இல்லை, பிரித்தவர் மாட்டிக்கொள்வார். கணக்கில் டாலர் மட்டும் வராது. எல்லா நாட்டு நோட்டும், டிராவலர்ஸ் செக்கும், கையில் வைத்திருப்பவருக்கே பணம் கிடைக்கிற மாதிரியான மணி ஆர்டர், பத்திரங்களும் சேரும்.

இந்தியாவிலிருந்து சுற்றுலாவாகக் கிளம்புகிறவருக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. ஏனென்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாகக் கிடைக்கும், மீதி ஃபாரெக்ஸ் கார்டில். சிக்கல் திரும்பி வரும்போதுதான். இந்தியாவுக்குள் எவ்வளவு வெளிநாட்டுப் பணம் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். ஆனால் நோட்டு மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, நோட்டும் டிராவலர்ஸ் செக்கும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினாலோ, சுங்கத்தில் நாணய அறிவிப்புப் படிவம் தர வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் ரூபாயாக 25,000 வரை எடுத்துப்போகலாம், கொண்டுவரலாம். நேபாளம், பூட்டான் கதை வேறு. சிங்கப்பூரில் வரம்பு 20,000 சிங்கப்பூர் டாலர், அங்கே சொல்லாமல் விட்டால் 50,000 வரை அபராதம் அல்லது மூன்று வருஷம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோ, 2021 ஜூனிலிருந்து அங்கே தங்கக் காசும் தங்கக் கட்டியும் பணக் கணக்கில் சேர்கின்றன. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய வரி அது.

'ஆமாம், இருக்கிறது' என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதுதான் அந்தப் பெரியவரின் கேள்வி. அமெரிக்காவுக்குள் நுழையும்போது என்றால் அதிகாரியிடம் சொல்லி, அந்த ஃபாரத்தை எழுதித் தந்தால் போதும். வெளியேறும்போது என்றால் விமான நிலையத்திலிருக்கும் சுங்க அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டும்; இப்போது ஃபாரத்தை இணையத்திலேயே முன்கூட்டி நிரப்பவும் முடிகிறது. எங்கிருந்து வந்த பணம் என்று கேட்கலாம், எண்ணிப் பார்க்கலாம். வங்கியில் எடுத்த ரசீது, வீடு விற்ற பத்திரத்தின் நகல் மாதிரி ஏதாவது கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். பணமும் கணக்கும் சரியாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எண்ணுவதற்கு நேரம் பிடிக்கும், அதனால் விமானத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்கள்.